ஐந்தாம் பக்கத்து அண்ணன்

"கொன்னுடுங்கன்னுதான் சொல்றேன். அஞ்சாம் பக்கத்துக்கு மேல அந்த அண்ணனுக்கு வேலையே இல்ல."

"மூணு மாசமா இதையேதான் சொல்றீங்க. எழுதக் கை வர மாட்டேங்குதுங்க."

"எந்தக் கை? அவன் நசுக்கின கையா, நல்ல கையா?"

வேறு யாராவது இப்படிக் கேட்டிருந்தால் அவள் எழுந்து போயிருப்பாள். கேட்டவர் அவளுடைய வழிகாட்டி, அவளைவிட நாலைந்து வயது இளையவர். எதைக் கொடுத்தாலும் வெட்டுகிறவர் என்பதால் மாணவர்கள் வைத்த பெயர் கத்தரி. அதைக் கேட்டுப் பூரித்துப்போகிற ரகம் அவர்.

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள் அவள். வேலையை விடாமல் கதை எழுதப் படிக்க இந்தப் படிப்புதான் தோதாக இருந்தது. வருடத்துக்கு இரண்டு முறை பத்து நாள் எல்லோரும் ஒரே விடுதியில் தங்கி எழுத வேண்டும். மற்ற நாட்களில் வீட்டில் தனியாக எழுதி அனுப்பினால், வழிகாட்டி தன் கருத்தைப் பேசிப் பதிந்து போனுக்கு அனுப்பிவைப்பார். இது கடைசித் தங்கல். மாலையில் மேடையேறி அவரவர் கதையை வாசிக்க வேண்டும். முடிவில்லாத கதைக்கு மேடை இல்லை. மேடை இல்லையென்றால் சான்றிதழும் இல்லை.

அவள் கதையில் வரும் அண்ணன் மெக்கானிக். பதினாறு வயதுத் தங்கை யாருடனோ சினிமாவுக்குப் போய் வந்தாள் என்று, அவள் கையைப் பட்டறை வாசலில் வைத்து அழுத்தி, இரும்பு ஷட்டரை இழுத்து இறக்குகிறான். எலும்பு நொறுங்கும் சத்தத்துக்கு அவள் என்னென்னவோ உவமை எழுதிப் பார்த்தாள். எல்லாவற்றையும் அடித்துவிட்டுக் கடைசியில் 'சத்தம் கேட்கவில்லை' என்று எழுதினாள். உண்மையில் நடந்ததும் அதுதான். ஷட்டரின் இரைச்சல் மற்றதையெல்லாம் விழுங்கிவிட்டது. அவளுடைய வலது கையில் இரண்டு விரல்கள் இன்றும் மடங்கியே கிடக்கின்றன.

"அதே ஷட்டர். கீழ அவன் கழுத்து. அண்ணிக்குக் கடைசி வரைக்கும் தெரியவே கூடாது" என்றார் கத்தரி. "நீங்க கிளம்பின அன்னிக்கே இதெல்லாம் பேசி அனுப்பினேனே, கேக்கலையா?"

"இங்கதான் போன் கொண்டுவரக் கூடாதே. அண்ணிகிட்ட குடுத்துட்டு வந்தேன்."

சொல்லி வாய் மூடவில்லை, அவளுக்கு உறைத்தது. அண்ணி கையில் இருக்கும் எதுவும் அண்ணன் காதுக்குப் போகாமல் இருந்ததில்லை.

கதவு சுவரில் மோதித் திறந்தது. அண்ணன் நின்றிருந்தான். கிரீஸ் படிந்த சட்டை, கையில் வீல் ஸ்பேனர்.

"யாருங்க நீங்க? வகுப்பு நடக்குது" என்றார் கத்தரி.

"இந்தக் குரல்தான்" என்றான் அண்ணன்.

ஸ்பேனர் முதலில் தோள்பட்டையில் விழுந்தது. இந்த முறை சத்தம் கேட்டது. கத்தரி சரிவதற்குள் அவர் தலைமுடியைப் பிடித்து முகத்தை மேசையில் மோதினான். மூக்குக்கண்ணாடி உடைந்து சில்லு புருவத்தில் ஏறியது. இரண்டாம் மோதலில் ஒரு பல் காகிதங்களின் மேல் உருண்டது.

"என் கழுத்தா? என் பொண்டாட்டிக்குத் தெரியாமலா? சொல்றா."

"விடுண்ணா. அது கதைண்ணா" என்று அவள் கத்தினாள். அவன் திரும்பவில்லை. ஸ்பேனர் மறுபடி உயர்ந்தது.

மேசையில் இருந்த எவர்சில்வர் தண்ணீர் ஜாடியை அவள் எடுத்தாள். எடுத்தது வலது கை. மடங்கிய விரல்கள் கைப்பிடிக்குள் கொக்கிபோல் மாட்டிக்கொண்டன. அவன் பொட்டில் அடித்தாள். ஸ்பேனர் விழுந்தது, அவனும் விழுந்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவள் குனிந்து மறுபடி அடித்தாள். காதோரம் கிழிந்து ரத்தம் அவள் முகத்தில் தெறித்தது. மூன்றாவதாக ஓங்கியபோதுதான் பக்கத்து அறைக்காரர்கள் ஓடிவந்து அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தார்கள்.

கத்தரி தரையில் உட்கார்ந்து ரத்தத்தைத் துப்பினார். "கை வந்துடுச்சு போலிருக்கே" என்றார், பல் போன வாயால். யாரும் சிரிக்கவில்லை. யாரோ ஆம்புலன்ஸுக்குச் சொல்ல ஓடினார்கள்.

இரண்டு பேர் அண்ணனை அமுக்கிப் பிடித்திருந்தார்கள். அவன் திமிறவில்லை.

"கதைன்னியே. எது கதை? ஷட்டருமா?"

"அது கதையில்ல."

"எல்லார் முன்னாடியும் படிப்பியா?"

"சாயங்காலம்."

"அதுல நான் செத்துருவேனா?"

"அஞ்சாம் பக்கத்துல."

அவன் அவள் விரல்களையே பார்த்தான். ஜாடி இன்னும் அவற்றில் மாட்டியிருந்தது; நுனியிலிருந்து சொட்டியது தண்ணீர் மட்டுமல்ல. இத்தனை வருடத்தில் அவன் அந்தக் கையைப் பார்த்து அவள் பார்த்ததில்லை. அவள் உணவு பரிமாறும்போதுகூடத் தட்டைத்தான் பார்ப்பான்.

"கொன்னுக்கோ" என்றான். "அதுக்கு முன்னாடி ஒரு வரி. அது மட்டும் கதைதான். ஷட்டரை மேல தூக்கிட்டு, உன் கையைப் பிடிச்சுக்கிட்டு நான் அழுதேன்னு... எழுதுறியா, பாப்பா?"