டீ வரும் அறை

திருவள்ளூரை ஒட்டிய எங்கள் தனியார் மருத்துவக் கல்லூரியில் ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே உடை மாற்ற இரண்டு அறைகள். ஒரு கதவில் ‘டாக்டர்கள்’, மற்றதில் ‘நர்ஸுகள்’ என்று எழுதியிருக்கும். பெண் டாக்டர்கள் நர்ஸுகளோடுதான் மாற்றிக்கொள்ள வேண்டும். எங்கள் மயக்க மருந்துத் துறையில் யேசுதாஸ் சாரைத் தவிர எல்லோரும் பெண்கள். சேர்ந்த புதிதில் நான் இதைக் கேட்டபோது சாயிரா பானு மேடம் சிரித்தார்.

“டீ, மீட்டிங், பதவி எல்லாம் அந்த ரூம்லதான் பூமிகா. நமக்கு இங்க கண்ணாடி இருக்குதே, போதாதா?”

மேடம் பழவேற்காட்டுக்காரர். 2006இல் துறைத் தலைவர் ஓய்வு பெற்றதும் மொத்த வேலையும் அவர் தலையில் விழுந்தது. யாருக்கு எந்தக் கேஸ் என்று போடுவது, மாணவர்களுக்குப் பாடம், டீனோடு மல்லுக்கட்டுவது. நாற்காலி மட்டும் காலியாகவே கிடந்தது. அது தனக்கு வேண்டும் என்று மேடம் ஒளிக்காமல் சொன்னார். யேசுதாஸ் அவரிடம் தொழில் கற்றவர், ஆறு வருஷம் ஜூனியர். புதுத் தலைவரை முடிவு செய்ய வெள்ளிக்கிழமை மீட்டிங் என்றார்கள். மேடத்துக்குத்தான் கிடைக்கும் என்று நாங்கள் கேக்குக்குக்கூட சொல்லிவைத்துவிட்டோம்.

வியாழக்கிழமை காலை கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலை ஒன்றிலிருந்து ஒரு தொழிலாளியைத் தூக்கிவந்தார்கள். முகம் வெந்து, தொண்டை வீங்கி, மூச்சு அடைத்துக்கொண்டிருந்தது. அந்தத் தொண்டையில் குழாய் இறக்க மேடத்தால்தான் முடியும். உள்ளே போனவர் மத்தியானம்தான் வெளியே வந்தார். ஆள் பிழைத்துவிட்டான். வராண்டாவில் டீன் பூவராகவன் யேசுதாஸின் தோளில் கைபோட்டு நின்றிருந்தார்.

“மீட்டிங்கை இன்னிக்கே முடிச்சிட்டோம்மா. யேசுதாஸ்தான் ஹெட். நீங்க கேஸ்ல இருந்தீங்க, டிஸ்டர்ப் பண்ண வேணாம்னு விட்டுட்டோம்.”

“எந்த ரூம்ல சார் மீட்டிங்?”

“சும்மா டீ குடிச்சிகினு பேசுனதுதாம்மா. உங்களுக்கும் ஊடு, புள்ளைங்கன்னு ஆயிரம் பேஜாரு. ஹெட்டுன்னா நேரங்காலம் பாக்க முடியாது.”

ராத்திரி கேஸுக்குக் கூப்பிடும்போதெல்லாம் மேடத்தின் வீடும் பிள்ளைகளும் ஒருத்தருக்கும் ஞாபகம் வந்ததில்லை. யேசுதாஸுக்கும் இரண்டு பிள்ளைகள். மேடம் உடை மாற்றப் போனார். கேக்கை நாங்களே தின்றோம்.

சில மாதம் கழித்து டீனுக்குப் பித்தப்பையில் கல் என்று கண்டுபிடித்தார்கள். எங்கள் கல்லூரியில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய மனிதர்களுக்கு மயக்கம் கொடுப்பது துறைத் தலைவர்தான். டீன் ‘நர்ஸுகள்’ கதவு வரைக்கும் தானே வந்தார்.

“பானும்மா, எனக்கு நீங்கதான் குடுக்கணும்.”

“ஹெட் இருக்காரே சார்.”

“இருக்கட்டும்மா. உசுரு விஷயம் இல்லியா? யேசுதாஸ் காதுல மட்டும் போட்டுடாதீங்க, ஒரு மாதிரி நெனச்சுக்குவாரு.”

மேடம் கதவைத் தாண்டி வெளியே வந்தார்.

“குடுக்கறேன் சார். அந்த ரூம்ல எல்லாரும் டீ குடிக்கறப்ப, இப்ப சொன்னத அப்படியே ஒரு வாட்டி சொல்லிடுங்க. அது போதும்.”

டீன் தலையாட்டிவிட்டுப் போனார். ஆனால் கடைசி வரை சொல்லவில்லை.

ஆபரேஷன் அன்று துணைக்கு நான் நின்றேன். தலைமாட்டில் யேசுதாஸ். தொழில் தெரிந்தவர்தான், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மானிட்டரில் டீனின் நாடி ஓட்டமாய் ஓடியது. கழுத்தைத் திருப்பிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பானும்மா எங்க?”

பக்கத்துத் தியேட்டரில் கடம்பத்தூர்ப் பெண் ஒருத்திக்கு சிசேரியன். அன்றைய பட்டியலில் மேடம் தன் பெயரை அங்கே போட்டுவிட்டிருந்தார்.

யேசுதாஸ் மாஸ்க்கைக் கையில் எடுத்தார். அவர் மனதில் கள்ளம் ஒன்றும் இல்லை.

“அவங்க கேஸ்ல இருக்காங்க சார். டிஸ்டர்ப் பண்ண வேணாம்னு விட்டுட்டேன்.”

டீன் என்னைப் பார்த்தார். நான் ஊசி மருந்தை ஏற்ற ஆரம்பித்தேன்.