முதல் வண்டிக்கு விட்ட இடம்

ஒத்திகை என்றால் மாமாவுக்குத் தலைகால் புரியாது. அக்கா புருஷன். நான் செவிலியாகப் போகும் ஆம்புலன்ஸுக்கு அவர்தான் டிரைவர். வண்டியைப் பளபளவென்று துடைத்து, ரயில் நிலையத்தின் பின்வாசலில், பார்சல் ஆபீஸ் சுவரோரம் முதல் ஆளாகக் கொண்டுபோய் நிறுத்துவார். ஒருமுறை வேறொருவர் முந்திக்கொண்டதற்கு ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தார். அன்றிலிருந்து மற்ற டிரைவர்களுக்கு அவர் 'ஒண்ணாம் நம்பர்'. "வண்டி எங்கயோ அங்கதான் இவரு. எதுக்குத்தான் என்னைக் கட்டினாரோ" என்பாள் அக்கா.

குண்டு வெடித்தால் என்ன செய்வது என்பதுதான் ஒத்திகை. ஓடி வருகிறவர்களைக் குறிவைத்து இரண்டாவது குண்டும் இருக்கலாம், போலீஸ் அனுமதிக்காமல் உள்ளே போகாதீர்கள் என்று சொல்லித்தருவார்கள். முடிவில் பயிற்சி அதிகாரி மைக்கில் கேட்பார்: "நிஜமாவே நடந்தா சமாளிப்பீங்களா?" எல்லாரும் கை தூக்குவார்கள். மாமா இரண்டு கையையும் தூக்குவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வேலிக்கு அப்பால் யார் யாரோ நின்று போனில் படம் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

"எல்லாத் தடவையும் இதே சுவரோரமா நிக்கறோமே சார். பாக்கறவன் மனப்பாடம் பண்ணிட மாட்டானா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பழகினாத்தாம்மா அவசரத்துல கை தானா வேலை செய்யும்" என்றார் அதிகாரி. அதற்குமேல் என் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நிஜமாகவே நடந்தது ஒரு காலையில். முன்பக்க நடைமேடையில் குண்டு வெடித்துவிட்டது என்று அழைப்பு வந்தது. மாமா வண்டியைப் பறக்கவிட்டார். பின்வாசலுக்கு வந்ததும் ஸ்டீயரிங் தானாகச் சுவர்ப்பக்கம் திரும்பியது.

"இங்க வேணாம் மாமா. அந்த ரோட்டு வளைவைத் தாண்டிப் போயிடுங்க."

என்னை ஒருமுறை பார்த்தார். வண்டியைத் திருப்பி வளைவுக்கு அப்பால் நிறுத்தினார். அப்பாடா என்று திரும்பிப் பார்த்தேன். வேறு வழியாக வந்த மூன்று ஆம்புலன்ஸ்கள் சுவரோரம் வரிசையாக நின்றன. முதல் இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தார்கள், மாமாவுக்காக. அந்தக் காலி இடத்தில், சுவரை ஒட்டி, ஒரு நீலப் பை கிடந்தது.

சுவரோரம் ஒரு பை கிடக்கு, வண்டிகளை நகர்த்தச் சொல்லுங்க என்று வயர்லெஸ்ஸில் கத்தினேன். "ஒத்திகைல சொன்ன எடத்துலதானே நிக்கறாங்க? பதறாதீங்க" என்றது கட்டுப்பாட்டு அறை.

மாமா கதவைத் திறந்தார்.

"போலீஸ் வரட்டும் மாமா."

"நான் சொன்னாத்தான் அவனுங்க நகருவானுங்க. நீ எறங்காத."

ஓடினார். முன்னால் நின்ற வண்டியின் டிரைவர் சிரித்துக்கொண்டே காலி இடத்தைக் காட்டிக் கத்தினார். "உங்க எடம் பத்திரமா இருக்குண்ணே. வண்டி எங்க?" மாமா அந்த இடத்திலேயே, பைக்கு முதுகைக் காட்டி நின்று, இரண்டு கையையும் தூக்கிப் பின்னால் போகச் சொன்னார். அதற்குப் பிறகுதான் அவர்களுக்கு உறைத்தது. ஒவ்வொன்றாகப் பின்வாங்கினார்கள். நடு வண்டி திரும்பத் திணறியது. மாமா அங்கிருந்தே கைகாட்டி அதைத் திருப்பிவிட்டார். வந்துடுங்க மாமா, வந்துடுங்க என்று நான் புலம்பிக்கொண்டிருந்தேன்.

வெடித்தது.

புழுதி அடங்கியபோது சுவர் இல்லை. கண்ணாடி நொறுங்கிய மூன்று வண்டிகளிலிருந்தும் டிரைவர்கள் தள்ளாடி இறங்கினார்கள். மாமா நின்ற இடத்தில் கல்லும் புகையும்தான் இருந்தன. நான் குதித்து ஓடினேன். ஒரு போலீஸ்காரர் குறுக்கே கை நீட்டினார். "அனுமதி வர்ற வரைக்கும் யாரும் போகக்கூடாதும்மா." புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இந்த விதியைச் சொல்லிக்கொடுப்பவளே நான்தான்.

என் சட்டைப் பையில் போன் அடித்தது. அக்கா.

"டிவில காட்டறாங்கடி. வண்டி எங்க நிக்குது?"

"வளைவுல" என்றேன். "வண்டிக்கு ஒண்ணும் ஆகலைக்கா."

"நல்லவேளை" என்று அவள் பெருமூச்சு விட்டது கேட்டது.