மலையேறும் முன் ஒரு நாள்

சாந்தாமேரி டீச்சர் பதினாறு வருஷமாகக் கரும்பலகையில் பவளப்பாறை வரைந்து வந்தாள். கிளைகளுக்கு ரோஸ் சாக்பீஸ், மீன்களுக்கு மஞ்சள். ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒரு பிள்ளை கேட்டுவிடும்: "மிஸ், நீங்க பார்த்திருக்கீங்களா?" உடனே அவள் பாடத்தின் கடைசிக் கேள்விகளுக்குத் தாவிவிடுவாள்.

தொண்ணூற்றைந்தில், கடற்படையில் இருந்து ஓய்வுபெற்ற ஜேசுதாஸ் மாஸ்டர் பள்ளி நீச்சல் குளத்தில் ஸ்கூபா சொல்லிக்கொடுக்க ஏற்காட்டுக்கு வந்தார். "டீச்சருங்களும் சேரலாம். ஆனா ஜோடியோட வரணும். தண்ணிக்குள்ள ஒத்தையா யாரும் இறங்கக் கூடாது" என்றார். அவள் வீட்டுக்காரரைப் பிடித்து இழுத்துப் போனாள். பாக்கியநாதன் காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர், நாற்பத்து நாலு வயது. ரப்பர் உடுப்புக்குள் ஒருவழியாகப் புகுந்தபின், "சாந்தா, இதுக்குள்ள நுழைஞ்சதுக்கே ஒரு சர்டிபிகேட் குடுக்கலாம்" என்றார்.

டிசம்பரில் சென்னைக் கடலில் பரீட்சை. நீட்டிய கை கண்ணுக்குத் தெரியாத கலங்கல். தேறிவிட்டார்கள், ஆனால் மணலைத் தவிர எதையும் பார்க்கவில்லை. மார்ச்சில் இருவருக்கும் போட்டோ ஒட்டிய கார்டு தபாலில் வந்தது.

அதற்குள் மாஸ்டர் பவளப்பாறை இருக்கும் மண்டபம் கடற்கரைக்குக் குடிபோய்ப் படகு வாங்கியிருந்தார். "மே மாசம் பாதிக்குள்ள வந்துடுங்க. அப்புறம் தென்காத்து புடிச்சு கடல் கலங்கிடும்" என்று எழுதினார். சேர்வராயன் கோயில் திருவிழாவுக்காக எஸ்டேட்டுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு லீவு. துரை ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "திங்கக்கிழமை காலையில செக்ரோல் உன் கையெழுத்துல இருக்கணும்." கூலியாட்களின் வருகைப் பதிவேடான அதில், இருபத்திரண்டு வருஷத்தில் பாக்கியநாதன் ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

அவள் பழைய விடைத்தாளின் பின்பக்கத்தில் பயணத்தைப் போட்டாள். வியாழன் ராத்திரி பஸ். சனிக்கிழமை மணல்மேட்டில் இறங்கிப் பழகுதல். புதியவர்களை நேரே பாறைக்குக் கூட்டிப் போக மாட்டேன் என்று மாஸ்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஞாயிறு காலை பவளப்பாறை. பதினொரு மணிக்குக் கரை. திங்கள் விடியக்காலை சேலத்தில் முதல் பஸ், ஏழரைக்கு எஸ்டேட். கச்சிதமாக இருந்தது.

மாஸ்டர் கொடுத்த ஜெராக்ஸ் பாடங்களை அவள் மறுபடி புரட்டியது புறப்படுவதற்கு முந்தின வாரம், புதன்கிழமை. கடைசித் தாளை அவர் குளத்தில் நடத்தவே இல்லை. 'ஆழத்தில் சுவாசித்த காற்றில் கொஞ்சம் உடம்பிலேயே கரைந்து நிற்கும். உயரம் ஏறினால் அது குமிழியாக உப்பித் தோள், முழங்கால் மூட்டுகளைத் தாக்கும். மேலே வந்தபின் ஒரு முழு நாள் கழியும் முன் விமானம் ஏறாதீர்கள், உயரமான மலை ஏறாதீர்கள்.'

சமவெளிக்காரர் எழுதிய பாடம் அது. மலை ஏறுவது அவருக்கு உல்லாசம். இவர்களுக்கு அதுதான் வீட்டுக்குப் போகும் வழி.

ஞாயிறு பதினொன்றிலிருந்து திங்கள் பதினொன்று. அதுவரை கீழேயே இருக்க வேண்டும். இதை வீட்டுக்காரரிடம் சொன்னால் என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியும்: "சரி, ஞாயித்துக்கிழமை நீ கரையில உக்காரு, நானும் உக்காந்துக்கறேன்." அவர் இறங்காமல் அவளும் இறங்க முடியாது. மறுபடியும் ரோஸ் சாக்பீஸ்தான்.

அவள் அந்தத் தாளை மடித்து அட்லஸுக்குள் வைத்தாள். நம்ம மலை என்ன இமயமலையா, ஐயாயிரம் அடிகூட இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இரண்டு நாள் அப்படியே போனது.

வெள்ளிக்கிழமை பாக்கியநாதன் சேலம் போய் வந்தார். பையிலிருந்து ஒரு சிப்ஸ் பாக்கெட்டை எடுத்து மேஜைமேல் போட்டார். கீழே கடையில் தொளதொளவென்று தொங்கியிருக்கும் பாக்கெட், இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்ததில் தலையணை மாதிரி உப்பியிருந்தது. வருஷாவருஷம் காற்றழுத்தப் பாடத்துக்கு அவள் வகுப்புக்கு எடுத்துப்போகும் அதே அதிசயம்.

அவள் பாக்கெட்டைப் பார்த்தாள். அவருடைய தோள்களைப் பார்த்தாள்.

"ஏனுங்க, உங்ககிட்ட ஒன்னு மறைச்சுட்டேன்."

அட்லஸிலிருந்து தாளை எடுத்து நீட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"புதன்கிழமையே தெரியுமா?"

"தெரியும்."

"என்னைய சிப்ஸ் பாக்கெட் ஆக்கப் பார்த்தியா?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "பாறைய உட்டுடலாமுங்க. நீங்க செக்ரோலைப் பாருங்க" என்றாள்.

அவர் பதில் சொல்வதற்குள் வாசலில் குரல் கேட்டது. மேஸ்திரி மாதேஸ்வரன்; மலைமேல் விவசாயம் செய்துகொண்டே எஸ்டேட் ஆட்களை மேய்ப்பவர். திருவிழாவுக்கு அழைக்க வெற்றிலை பாக்கோடு வந்திருந்தார். இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, "என்னங்க ரைட்டரய்யா, ஊட்டுல எதாச்சும் சண்டையா?" என்றார்.

பாக்கியநாதன் விஷயத்தைச் சொன்னார். மாதேஸ்வரன் கொஞ்சம்கூட ஆச்சரியப்படவில்லை.

"இதுல என்னங்க இருக்குது? சாமி மலை ஏறோணும்னா நாங்களும்தான் ஒரு நாள் சுத்தபத்தமா இருந்துட்டு ஏறறோம். உங்களுக்கு உடம்புல ஏறுன கடல் எறங்கோணும், அவ்வளவுதான்."

"திங்கக்கிழமை பேரு எழுதறது?"

"திருவிழாவுக்கு மறுநா ஏழரைக்கு எவன் வர்றானுங்க? போன வருஷம் நீங்களும் நானும் துரை ஊட்டு நாயும்தான் நின்னோம். மத்தியானத்துக்கு மேலதான் ஒவ்வொருத்தனா தள்ளாடி வந்தான். ரெண்டு மணிக்கு வெச்சுக்கலாம்னு துரைகிட்ட நானே கேக்கறேன்."

"ஒத்துக்குவாரா?"

"நாயைக் கேட்டாகூடச் சொல்லுமுங்க. டீச்சரம்மா, கடலுக்குள்ள இருந்து எனக்கென்ன கொண்டாருவீங்க?"

"ஒன்னும் எடுக்கக் கூடாதுங்க. பார்த்துட்டு வரணும்."

"அதுக்கா இவ்வளவு செலவு!" என்று சிரித்துக்கொண்டே போனார். மறுநாள் காலையில் துரை சம்மதித்துவிட்டதாகச் சொல்லி அனுப்பினார்.

சாந்தாமேரி இன்னொரு விடைத்தாளை எடுத்து முதலிலிருந்து எழுதினாள். ஞாயிறு காலை பவளப்பாறை. ராத்திரி சேலம், ஜெயமேரி அக்கா வீட்டு மொட்டை மாடி. திங்கள் பதினொன்று வரை சும்மா இருத்தல். பிறகு பஸ்.

பாக்கியநாதன் சிப்ஸ் பாக்கெட்டைக் கிழித்தார். 'புஸ்' என்று காற்று போயிற்று. ஒன்றை அவள் வாயில் வைத்துவிட்டு, தோளுக்குமேல் எட்டிப் படித்தார்.

"ஒத்தையா இறங்கக் கூடாதுன்னு மாஸ்டர் சொன்னாரே, ஒத்தையா ஏறக் கூடாதுன்னு சொன்னாரா?"

"இல்லீங்க."

"சேத்து எழுதிக்க."

அவள் எழுதிக்கொண்டாள்.