சலவைக் கூடத்தில் ஏழரையார்

வானொலியில் தினமும் காலை ஏழரை மணிக்கு வந்ததால் நேயர்கள் அவருக்கு ஏழரையண்ணன் என்று பெயர் வைத்தார்கள். தலை நரைக்க நரைக்க அது ஏழரையார் ஆயிற்று. அந்தப் பெயரைச் சொல்லி இருபத்தாறு வருஷம் ஊர் சிரித்தது. அவரும் கூடவே சிரித்தார். எந்த பஸ் தாமதம், மழை வருமா வராதா, யார் வீட்டுப் பூனையைக் காணோம் என்று அவர் வாயால் கேட்டால்தான் பலருக்குப் பொழுது விடிந்த மாதிரி இருக்கும்.

பிறகு நிலையம் கைமாறியது. புது முதலாளிகள் காலை நேரத்தைக் கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்துவிட்டு, ஏழரையாருக்கு ஒரு பூங்கொத்தைக் கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

நாலு மாதம் வீட்டில் இருந்தார். குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று கூடத்திலிருந்தே அறிவிப்பார். பால் பொங்கப் போகிறது என்று முன்னெச்சரிக்கை விடுப்பார். அவர் மனைவி பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் முப்பது வருஷம் வேலை பார்த்து, அதற்கு முந்தின வருஷம்தான் ஓய்வு பெற்றிருந்தாள். எவ்வளவோ பொறுத்துப் பார்த்தாள்.

"ஊருக்குத்தான் ஏழரைன்னு நெனச்சேன். இப்ப என் வீட்டுக்குள்ளயே வந்து உக்காந்திருக்கு" என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் நகரசபையிலிருந்து கடிதம் வந்தது. அவரை ஊரின் நல்லெண்ணத் தூதராக நியமித்திருந்தார்கள். சம்பளம் கிடையாது, அதிகாரமும் கிடையாது. தோளில் குறுக்கே போட ஒரு நீலப் பட்டை, நெஞ்சில் குத்த ஒரு பதக்கம். புதுக் கட்டடம் திறந்தால் ரிப்பன் வெட்ட வேண்டும், நூறு வயது ஆனவர்களைப் பார்த்து வாழ்த்த வேண்டும், ஊருக்குக் குடிவந்தவர்களைக் கைகுலுக்கி வரவேற்க வேண்டும். அவ்வளவுதான் உத்தியோகம்.

"இத்தனை வருஷம் மைக் பிடிச்ச கை. இனிமே கத்தரிக்கோல் பிடிக்கவா?" என்றார் அவர்.

"வீட்ல என் கையப் பிடிச்சு இழுக்கறதுக்கு அங்க போய்க் கத்தரிக்கோலப் பிடிங்க" என்றாள் அவள்.

அரை மனதோடு போனவருக்குச் சீக்கிரமே வேலை பிடித்துவிட்டது. நூறு வயது நிறைந்த தையல்காரர் ஒருவர் அவர் கையைப் பிடித்தவர் அரை மணி நேரம் விடவில்லை. "பொண்டாட்டி போனப்புறம் எங்க வீட்ல காலைல பேசின ஒரே ஆள் நீதாம்ப்பா" என்றார். அன்றைக்கு ஏழரையார் வழியெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். தான் பாட்டுக்கு வாயாடிக்கொண்டிருந்ததை ஊர் இப்படிப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறதே என்று நெஞ்சு நிறைந்துபோயிற்று.

ஒரே ஒரு மனக்குறை அவருக்கு உண்டு. ஊரே கேட்ட நிகழ்ச்சியை அவர் மனைவி ஒருநாள்கூடக் கேட்டதில்லை. அவள் அஞ்சு மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிடுவாள். லீவு நாளிலும் ரேடியோவைத் தொடமாட்டாள். ஏன் என்று அவர் கேட்டதில்லை. கேட்டு, 'பிடிக்கலை' என்று சொல்லிவிட்டால்?

ஒருநாள் நகரசபை குமாஸ்தா போன் செய்தார். ஆஸ்பத்திரி சலவைக் கூடத்துக்குப் புதிதாக இஸ்திரி மெஷின் வந்திருக்கிறது, தூதர் வந்து தொடங்கிவைக்க வேண்டும் என்றார். மனைவியிடம் சொன்னதும், "நானும் வர்றேன்" என்றாள். அதுவரை எந்த விழாவுக்கும் அவள் கூட வந்ததில்லை.

சலவைக் கூடம் ஆஸ்பத்திரியின் பின்பக்கம், ஒரு நீண்ட தாழ்வாரத்தின் கடைசியில் இருந்தது. அழுக்குத் துணி வண்டிகள் ஒரு சுவரோரம், வெளுத்த துணி வண்டிகள் மறு சுவரோரம். கூடத்து வாசலில் மேற்பார்வையாளர் அம்மாள் காத்திருந்தாள். தூதரை விட்டுவிட்டு நேரே அவர் மனைவியைப் போய்க் கட்டிக்கொண்டாள். அப்புறம்தான் நீலப் பட்டையைப் பார்த்தாள்.

"இவரா உன் வீட்டுக்காரர்? மின்சார ஆபீஸ்ல இருக்கார்னுதானே சொன்னே!"

ஏழரையாருக்கு முகம் தொங்கிவிட்டது. மனைவி அசரவில்லை. "உண்மையச் சொல்லியிருந்தா தினம் ஒருத்தி இந்தப் பாட்டுப் போடச் சொல்லு, அந்தப் பாட்டுப் போடச் சொல்லுன்னு சீட்டு எழுதிக் குடுத்திருப்பா. நான் துணி துவைப்பேனா, சீட்டு சுமப்பேனா?"

மேற்பார்வையாளர் அம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி கதவைத் திறந்தாள். திறந்ததும் அவள் சிரிப்பு காணாமல் போயிற்று. பேச்சும் காணாமல் போயிற்று. உள்ளே எட்டுப் பெரிய சலவை மெஷின்கள் ஒரே சமயத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. அந்த இரைச்சலில் தரையே அதிர்ந்தது. ஆபரேஷன் அறைக்கு மதியத்துக்குள் விரிப்பு போயாக வேண்டும், எதையும் நிறுத்த முடியாது என்று அவள் அவர் காதோரம் வந்து கத்தினாள்.

அவர் பட்டனை அழுத்தினார். புது மெஷினின் உருளைகள் சுழன்றன, ஈர விரிப்பு ஒன்று மொறமொறவென்று மறுபக்கம் வந்து விழுந்தது. பிறகு சட்டைப்பையிலிருந்து இரண்டு பக்கப் பேச்சை எடுத்து மைக் முன்னால் நின்றார். தன் குரல் தனக்கே கேட்கவில்லை. எதிரே முப்பது பேர் மரியாதையாக அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் வாழ்நாளில் இப்படித் திண்டாடியதில்லை.

அப்போது மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். அவர் வாயைப் பார்த்தாள், கையைத் தூக்கி விரல்களால் ஏதோ செய்தாள். முப்பது முகங்களும் மலர்ந்தன. அந்தக் கூடத்தில் எல்லோரும் கையால்தான் பேசுவார்கள் என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் உற்சாகமாக ஒரு நீள வாக்கியத்தை அவிழ்த்துவிட்டார். அவள் இரண்டே அசைவில் முடித்தாள். எல்லோரும் குலுங்கிச் சிரித்தார்கள்.

அவள் காதருகே குனிந்து, "என்ன சொன்னே?" என்று கத்தினார்.

"இன்னும் விஷயத்துக்கு வரலை, வந்ததும் சொல்றேன்னேன்!"

அவர் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். நன்றி என்பதற்கு என்ன சைகை என்று கேட்டார். அவள் காட்டினாள்: விரிப்பை மடிப்பதுபோல இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து, நெஞ்சில் ஒரு தட்டு. அவர் முப்பது பேர் பக்கமும் திரும்பித் திரும்பி அதைச் செய்தார். கடைசியில் மனைவியைப் பார்த்துச் செய்தார். அவள் வெட்கப்பட்டு, போதும் போதும் என்று கையை ஆட்டினாள். அதற்குச் சைகைப் பாடம் தேவைப்படவில்லை.

டீ குடிக்கும் அறையில் அவர் மேற்பார்வையாளர் அம்மாளிடம் கேட்டார். "இந்தச் சத்தத்துல எப்படிம்மா காலம் தள்றீங்க?"

"காதுல பஞ்சு வச்சுக்குவோம். பத்து வருஷம் போனா பஞ்சும் வேண்டாம்" என்றாள் அவள். அறையே சிரித்தது. அவரால் சிரிக்க முடியவில்லை. வீட்டில் எதையும் அவர் இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்ததும், லீவு நாளிலும் அவள் ரேடியோவைத் தொடாததும், இவளுக்கு நம் பேச்சென்றால் அலட்சியம் என்று உள்ளூரப் பொருமியதும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. டீ ஆறிப்போயிற்று.

மறுவாரம் நீலப் பட்டையோடு ஆஸ்பத்திரித் தலைமை அதிகாரியின் அறை வாசலில் போய் உட்கார்ந்தார். என்ன விஷயம் என்று கேட்டதற்கு, "நல்லெண்ணம் தெரிவிக்க வந்தேன்" என்றார். பட்டை போட்ட மனிதரை எழுந்து போ என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. நாலு செவ்வாய்க்கிழமை இப்படித் தெரிவித்தார். அஞ்சாவது செவ்வாய் அதிகாரியே வெளியே வந்து, "உங்க நல்லெண்ணத்த இதுக்கு மேல தாங்க முடியாது சார், உள்ள வாங்க" என்றார். நல்ல மனிதர், விஷயத்தைக் கேட்டதும் அன்றே கையெழுத்துப் போட்டார். கூடத்தில் எல்லோருக்கும் காதை மூடும் கவசம் வந்தது. வேலையில் இருப்பவர்களுக்கும் ஓய்வு பெற்றவர்களுக்கும் காது பரிசோதனை நடந்தது. ஏழரையாரின் மனைவிக்கு இடது காது முக்கால்வாசி போயிருந்தது, வலது காது பாதி. கடுகத்தனை கருவி ஒன்றைப் பொருத்தி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் அறை அறையாக நடந்தாள். குழாய் சொட்டுவது கேட்டது. ஃபிரிட்ஜ் முனகுவது கேட்டது.

"எப்படி இருக்கு?" என்றார் அவர், வழக்கம்போல உரக்க.

"எதுக்குக் கத்தறீங்க? பக்கத்துலதானே இருக்கேன்."

அவர் குரலைத் தணித்துக்கொண்டு, நாற்காலியை அவளருகே இழுத்துப் போட்டார். சலவைக் கூடத்தில் யார் யார் எப்படி என்று சொல்லச் சொன்னார். அவள் முதல்நாள் வேலைக்குப் போனதிலிருந்து தொடங்கினாள். தலையணை உறைக்குள் தூங்கிப்போன பூனை, கல்யாணத்தன்றும் வேலைக்கு வந்து நின்ற தோழி, ஒரே கையால் விரிப்பு மடிக்கும் கெட்டிக்காரி. ஏழரையார் ஓர் இடத்திலும் குறுக்கே பேசவில்லை. பின்னால் மனைவி இதைச் சொன்னபோது மேற்பார்வையாளர் அம்மாள் நம்ப மறுத்துவிட்டாள்.