வாசல் எண்ணிக்கை

எதிலும் கெட்டிக்காரி என்று பெயர் வாங்க வேண்டும் எனக்கு. அந்தப் பித்துத்தான் ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் என்னைக் கொட்டாஞ்சேனையில், ஒரு தேவாலயத்துக்கு எதிர்ப்பக்கம், அபாயாவோடு நிற்க வைத்தது. உள்ளே போகிறவர்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

வெள்ளவத்தையில் சனிக்கிழமைதோறும் ஆரம்பப் பிரிவு ஆசிரியர்களுக்குப் பாடத்திட்டம் அமைக்கும் பயிற்சி. நடத்துகிறவர் ஹியூபேட் சேர். தமிழ், கணிதம், சுற்றாடல் மூன்றும் ஒரே கருப்பொருளில் இருந்து வரவேண்டும், பிள்ளையின் தெருவிலிருந்தே வரவேண்டும் என்பார். நான் எடுத்தது 'வாசல்'. எந்த வாசலால் எத்தனை பேர், எந்த நேரம் கூட்டம். ஒருவருக்கு ஒரு கோடு, ஐந்தாவது கோடு குறுக்கே. "ஜெஸீமா மிஸ்ஸின்ட பாடம்தான் சுப்பர்" என்று சேர் எல்லோர் முன்னாலும் சொன்னதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. வகுப்பில் காட்ட நானே ஒரு மாதிரி எண்ணிக்கை எடுக்கக் கிளம்பிவிட்டேன்.

தேவாலய வாசலில் காவலுக்கு நின்ற பொலிஸ்காரர் வீதியைக் கடந்து வந்து, என் அட்டையில் இருந்த தாளைத் தொட்டார். "மேக்க மொகக்த?"

இது என்ன என்று நானும் அப்போதுதான் பார்த்தேன். தேவாலயத்தின் வரைபடம். மூன்று வாசல்கள். ஒவ்வொன்றாலும் கால்மணிக்கு எத்தனை பேர். ஓரத்தில் சிவப்பு மையில் வட்டம் போட்டு, 'அதிகக் கூட்டம் 5.30'. ஈஸ்டர் அன்று தேவாலயங்களில் குண்டு வெடித்த அந்த ஏப்ரலுக்குப் பிறகு, இப்படியொரு தாளை வைத்துக்கொண்டு இங்கே நிற்க எந்த முஸ்லிம் பொம்பிளைக்குத் துணிவு வரும்? எனக்கு வந்திருந்தது, மூளை இல்லாததால். தெரிந்த சிங்களமும் வாயில் வரவில்லை.

ஹியூபேட் சேரின் இலக்கத்தை அழுத்தினேன். அல்லாஹ் காப்பாற்றினான், உடனே எடுத்தார். பொலிஸ்காரருக்குச் சிங்களத்தில் பத்து நிமிடம் விளக்கினார். பொலிஸ்காரர் தாளை நான்காக மடித்துத் தன் சட்டைப்பைக்குள் வைத்தார். பிறகு, வேறு யாரும் இப்படி எண்ணுகிறார்களா என்று கேட்டார்.

"இல்லை" என்றேன். போகச் சொன்னார்.

பத்தடி நடந்த பிறகுதான் நினைவு வந்தது. அதற்கு முதல்நாள்தான் தரம் மூன்றில் என் முப்பத்திரண்டு பிள்ளைகளுக்கும் இதையே வீட்டுவேலையாகக் கொடுத்திருந்தேன். வீட்டுக்குக் கிட்டவுள்ள ஒரு வாசலை எண்ணி வாருங்கள் என்று. அவர்களில் அர்பாவின் வீடு தேவாலயத்துக்குப் பின் ஒழுங்கையில். அவளுடைய வாப்பா புவாதை அந்த ஏப்ரலில் பிடித்துக்கொண்டு போய், ஒன்றுமில்லை என்று ஏழு மாதம் கழித்து விடுதலை செய்தார்கள். பின்வாசலில் கொப்பியோடு அந்தப் பிள்ளை நின்றால்? துணைக்கு வாப்பாவும் நின்றால்?

ஓடவும் முடியாது. தேவாலயத்துப் பக்கமிருந்து அபாயா போட்டவள் ஓடினால் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? ஸலவாத் ஓதிக்கொண்டே நடந்தேன். பின்வாசலில் அவர்கள் இல்லை. வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டினேன்.

புவாத் கொஞ்சமாகத் திறந்து பார்த்தார். என்னை உள்ளே எடுத்துச் சட்டென்று சாத்தினார்.

"அர்பா சேர்ச்சடிக்குப் போனாளா?" என்றேன்.

"இல்ல மிஸ். நாங்க அங்கால போறதே இல்ல. எங்கட வாசலையே எண்ணச் சொன்னேன்."

உயிர் வந்தது. அர்பா கொப்பியை நீட்டினாள். 'எங்கள் வாசல்' என்று வடிவாக எழுதி, மணிக்கொரு கட்டம் போட்டிருந்தாள். மூன்று மணி, பூச்சியம். நான்கு மணி, பூச்சியம். ஐந்து மணி, பூச்சியம்.

"நான் திரும்பி வந்த பொறகு ஒருத்தரும் வாரதில்ல மிஸ்" என்றார் புவாத், மன்னிப்புக் கேட்கிற குரலில். "பயம் அவங்களுக்கு."

அர்பா ஆறு மணிக் கட்டத்தில் எனக்காக ஒரு கோடு போட்டாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

"நீங்க எங்க இருந்து வாரீங்க மிஸ்?" என்று புவாத் கேட்டார்.

"சேர்ச்சடியில பொலிஸ் மறிச்சு விசாரிச்சாங்க. இப்பதான் விட்டாங்க."

அவர் முகம் செத்துப்போனது. "அங்க இருந்து நேரா இங்கயா வந்தீங்க?" என்று மெல்லக் கேட்டார்.

கதவு தட்டப்பட்டது. யன்னல் சீலையின் இடைவெளியில் காக்கி தெரிந்தது. புவாத் சுவரோடு ஒட்டிக்கொண்டார். அர்பா மட்டும் சந்தோசமாகப் பென்சிலை எடுத்து, என் கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொன்று போட்டாள்.