உயரத்தில் வேலை பார்க்கத் தகுதி

என் மூளை சரியாக இருக்கிறதா என்று டாக்டர் பார்க்கப்போகிற நாளில், என்னைவிட அக்காதான் அதிகம் ஜோடித்துக்கொண்டு வந்தாள். என்னையும் விட்டுவைக்கவில்லை. முகத்தை மழிக்க வைத்தாள், மாமாவின் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிவிட்டாள், கடைசியில் தலையையும் தானே வாரிவிட்டாள். முப்பத்தாறு வயதுக்காரனுக்கு அக்கா தலை வாரிவிடுவதைப் பார்த்தால் எந்த டாக்டரும் சோதிக்காமலே முடிவு கட்டிவிடுவார் என்று நினைத்துக்கொண்டேன். வாய் விட்டுச் சொல்லவில்லை. வாடகைக் காரில் ஏறியதும் பாடம் தொடங்கியது.

"தூக்கம் எப்படின்னு கேப்பாங்க. நல்லா தூங்குறேன்னு சொல்லு. ரொம்ப நல்லா தூங்குறேன்னு சொல்லிடாதே, அதையும் வியாதிம்பாங்க."

"சரிக்கா."

"பசிக்குதான்னு கேட்டா பசிக்குதுன்னு சொல்லு. அவளப் பத்திக் கேட்டா…" டிரைவரின் முதுகை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஒத்துப் போகல, பேசிப் பிரிஞ்சிட்டோம்னு சொல்லு. மூஞ்சிய மட்டும் தொங்கப் போடாதே."

"அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு கேட்டா?"

"லிஃப்ட் ரிப்பேர். அதான் ஊருக்கே சொல்லியாச்சே."

நானும் என் மனைவியும் பேசிப் பிரியவில்லை. அவள் பேசினாள், நான் கேட்டுக்கொண்டிருந்தேன், அவள் பிரிந்தாள். சுவரோடு எத்தனை நாள்தான் குடித்தனம் நடத்துவது என்று கேட்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. நான் டவர் கிரேன் ஓட்டுகிறவன். காலையில் ஏறினால் பொழுது சாயும்வரை அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் தனியாள். வாக்கி டாக்கியில் எனக்கு வருவது ஏத்து, இறக்கு, திருப்பு, நிறுத்து. வீட்டுக்கு வந்தாலும் என்னிடம் அதற்குமேல் சரக்கு கிடையாது. அவள் போனதைக்கூட நான் யாரிடமும் சொல்லவில்லை. அக்கா ஒருநாள் வந்து, துணி காயப்போடும் கொடியில் என் சட்டைகள் மட்டும் தொங்குவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு ஒரு மதியம், சாப்பாட்டு நேரத்தில், எல்லோரும் கீழே இருந்தபோது, நான் கூண்டைத் திறந்துகொண்டு கிரேனின் நீண்ட கைமேல் நடந்து போனேன். பெல்ட்டின் கொக்கியைக் கம்பியில் மாட்டவில்லை. மறந்துபோய் அல்ல. சாகத்தான் போனேன். கீழே ஒருவர் பார்த்துக் கத்தினார். பிறகு கூட்டம் கூடியது, கைபேசிகள் உயர்ந்தன. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து இறங்கிவிட்டேன். ஏன் இறங்கினேன் என்பது இதைவிடக் கேவலம், அதைப் பிறகு சொல்கிறேன். தரையில் கால் பட்டதும் வெட்கம் பிடித்துக்கொண்டது. அத்தனை பேர் முகத்திலும் விழிக்க வேண்டுமே என்கிற வெட்கம். அது இன்றுவரை விட்டபாடில்லை.

லிஃப்ட் ரிப்பேர் என்பது அக்காவின் கண்டுபிடிப்பு. அவள் ஒரு அழகு நிலையம் நடத்துகிறாள். புருவம் திருத்திக்கொள்ள வருகிற பெண்கள் தங்கள் வீட்டுக் கதையைப் பாதியும் அடுத்த வீட்டுக் கதையை முழுதாகவும் சொல்லிவிட்டுப் போகிற இடம் அது. ஒரு செய்தி எப்படிக் கால் முளைத்துப் போகும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால் முந்திக்கொண்டாள். "என் தம்பி வேலை செய்யற எடத்துல லிஃப்ட் ரிப்பேராயிடுச்சு, பாவம் மேலயே மாட்டிக்கிட்டான்" என்று வாய் ஓயாத மூன்று வாடிக்கையாளர்களின் காதில் போட்டாள். வேலை முடிந்தது.

ஒரே ஒரு சிக்கல்தான். எங்கள் கிரேனில் லிஃப்ட் கிடையாது. தினமும் ஏணியில் ஏறித்தான் போகிறேன். தம்பி எப்படி வேலைக்குப் போகிறான் என்று அக்காவுக்கு இத்தனை வருஷத்தில் தெரியாது, நானும் சொன்னதில்லை. அவள் அந்தப் பொய்யை என் முன்னால் முதன்முதலாகச் சொன்னபோது திருத்த வாயெடுத்தேன். அவள் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்து மூடிக்கொண்டேன். எனக்கும் அது வசதியாக இருந்தது. அவள் என்னிடம் ஒருமுறைகூட, ஏன்டா அங்கே போனாய் என்று கேட்கவே இல்லை.

கம்பெனிக்குத் தேவை ஒரு தாள். இவர் உயரத்தில் வேலை பார்க்கத் தகுதியானவர் என்று மனநல டாக்டர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். கிடைத்தால் திங்கட்கிழமை காலையில் நான் மறுபடி மேலே. அக்காவுக்கு அதோடு கதை முடிந்தது, தலை நிமிர்ந்து கடையைத் திறக்கலாம். எனக்கு அப்படி இல்லை. மறுபடி மேலே போனால் என்ன செய்வேன் என்று எனக்கே என்மேல் நம்பிக்கை இல்லை. அதை யாரிடமும் சொல்லவும் முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவும் பல் பிரிவும் எதிரெதிரே இருந்தன. அக்கா பல் பிரிவின் பலகைக்குக் கீழே இருந்த பெஞ்சில் என்னை உட்கார வைத்தாள். போகிறவர் வருகிறவர் எல்லோரையும் நோட்டம் விட்டாள்.

"கன்னத்துல கைய வச்சுக்கோ."

"எதுக்கு?"

"பல்லு வலின்னு நெனச்சுக்குவாங்க. வையேன்டா."

வைத்துக்கொண்டேன். பக்கத்தில் நிஜமாகவே கன்னம் வீங்கிய ஒருவர் என்னைப் பார்த்து, எந்தப் பல் என்று சைகையில் கேட்டார். வாய்க்கு வந்த ஒரு பல்லைக் காட்டினேன். பரிதாபமாகத் தலையாட்டினார். ஊரில் எல்லோரிடமும் பொய் சொன்னது போதாதென்று, பல் வலிக்காரரையும் ஏமாற்றியாகிவிட்டது.

டாக்டரம்மாவுக்குக் கடும் ஜலதோஷம். மேஜைமேல் ஒரு பிளாஸ்க், கையில் கைக்குட்டை. தும்மலுக்கும் தும்மலுக்கும் இடையில்தான் கேள்வி கேட்டார். தூக்கம் எப்படி என்றார். "நல்லா தூங்குறான் டாக்டர்" என்றாள் அக்கா. சாப்பாடு? "ஒரு கொறையும் இல்ல." நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னார். நான் தொண்ணூற்று மூன்று என்று தொடங்கினேன். அக்காவும் கூடவே உதட்டை அசைத்தாள். எண்பத்தாறு என்று நான் சொல்லும்போது அவள் எண்பத்தைந்து என்று சத்தமாகவே சொல்லிவிட்டாள்.

"அம்மா, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்றார் டாக்டர்.

"நான் இருந்தா என்ன டாக்டர்? அவன் கூச்ச சுபாவம், பேச வராது."

"நீங்களே எல்லாத்துக்கும் பதில் சொன்னா சர்டிஃபிகேட்ட உங்க பேருக்குத்தான் குடுக்கணும். அப்புறம் நீங்கதான் கிரேன் ஏறணும்."

அக்கா எழுந்தாள். கதவருகே போய் என்னைத் திரும்பிப் பார்த்துக் கண்ணாலேயே ஒரு மிரட்டு மிரட்டிவிட்டுப் போனாள்.

தனியாக விட்டும் நான் திருந்தவில்லை. மனைவியைப் பற்றிக் கேட்டார். பேசிப் பிரிந்தோம் என்றேன். மனசு கஷ்டமாக இருக்கிறதா என்றார். பழகிவிட்டது என்றேன். அன்று என்ன நடந்தது என்றார். லிஃப்ட் ரிப்பேர் என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே நாக்கு கசந்தது. அவர் மூக்கைச் சிந்திவிட்டுத் தாளை இழுத்து எழுதத் தொடங்கினார். வெளியே வராந்தாவில் இன்னும் எத்தனையோ பேர் காத்திருந்தார்கள், பாவம் அவரும் என்ன செய்வார்?

எழுதிக்கொண்டே, பேச்சுக்குக் கேட்பதுபோல, "லிஃப்ட்ட இப்ப சரி பண்ணிட்டாங்களா?" என்றார்.

ஆச்சு என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது தாளின் அடிப்பக்கத்துக்கு வந்துவிட்டது, கையெழுத்துதான் பாக்கி.

"கிரேன்ல லிஃப்ட்டே கிடையாது டாக்டர்."

பேனா நின்றது. "அப்புறம்?"

"ஏணிதான்."

"அப்ப எது ரிப்பேராச்சு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கிறேன் என்றுதான் நினைத்தேன். பார்த்தால் மூக்கும் கண்ணும் சேர்ந்து ஒழுகிக்கொண்டிருந்தன. மாமாவின் சட்டைக் கையால் துடைத்தேன். டாக்டர் தும்மவில்லை, அவசரப்படுத்தவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"சாகணும்னு போனீங்களா?"

இந்தக் கேள்வியை அதுவரை யாருமே கேட்கவில்லை. கேட்டால் செத்துவிடுவேன் என்று பயந்திருந்தேன். ஆனால் எனக்கு மூச்சு சுலபமாக வந்தது.

"ஆமா டாக்டர்."

"இப்பவும் அந்த நெனப்பு வருதா?"

"காலைல வருது. எந்திரிச்ச ஒடனே."

"திங்கக்கிழமை மேல போனா?"

"தெரியல. என்னைய நம்பி மேல ஏத்தாதீங்க."

அவர் எழுதிய தாளைக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். இது நோய், மருந்தும் உண்டு, பேச்சும் உண்டு, இப்போதைக்கு உயரத்துக்கே போகக் கூடாது, தனியாகவும் இருக்கக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அதன் பிறகு, "அக்காவக் கூப்பிடலாமா?" என்றார்.

"வேண்டாம் டாக்டர். அவளுக்குத் தெரிய வேண்டாம்."

"தனியா இருக்கக் கூடாதுன்னா அவங்க வீட்டுலதானே இருக்கப் போறீங்க? தெரியாம எப்படிப் பாத்துக்குவாங்க? நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?"

நானே சொல்கிறேன் என்றேன். டாக்டர் கதவைத் திறந்து அக்காவைக் கூப்பிட்டார்.

அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டே உள்ளே வந்தாள். "முடிஞ்சுதா டாக்டர்? நல்லாத்தானே இருக்கான்?"

"அவரே சொல்லுவாரு, உக்காருங்க."

நான் மேஜையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். லிஃப்ட் இல்லை, சாகத்தான் போனேன், இன்னும் அந்த நினைப்பு இருக்கிறது. அவ்வளவு சுருக்கமாகத்தான் சொல்ல வந்தது. அக்கா கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள், எடுக்காமலே மூடினாள்.

"அங்க நிக்கும்போது," என்றாள் கடைசியில், "எங்க நெனப்பு வரலயாடா உனக்கு? யாரு நெனப்புமே வரல?"

இங்கே ஒரு நல்ல பொய் தயாராக இருந்தது. உன் முகம்தான் கண்ணில் வந்தது, அதனால்தான் இறங்கினேன் என்று சொன்னால் போதும், அவள் வாழ்நாள் முழுக்க அதை வைத்துக்கொண்டு ஆறுதல் அடைவாள். நாக்கு நுனிவரை வந்தது. டாக்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வரலக்கா."

"அப்பறம் ஏன் எறங்கின?"

இதைத்தான் பிறகு சொல்கிறேன் என்று ஆரம்பத்தில் சொன்னேன். "ஃபோர்மேன் என் இடுப்புல இருந்த வாக்கி டாக்கில கெஞ்சிப் பாத்தாரு, அழுதாரு, எதுவும் எனக்கு ஏறல. கடைசில என்ன சொல்றதுன்னு தெரியாம, கான்கிரீட் வண்டி வந்து நிக்குதுடா, இறுகிப் போயிடும்டான்னாரு. இறுகிட்டா வீணாப் போயிடுமேன்னு திரும்பி வந்து கூண்டுல உக்காந்தேன். ஒரு வாளி ஏத்தி ஊத்தினேன். அதுக்குள்ள அவரு ஏறி வந்து என்னப் பிடிச்சுக்கிட்டாரு. அவ்வளவுதான்."

சொல்லி முடித்ததும் காது மடல்கூடச் சுட்டது. பெற்றவர்களுக்குப் பிறகு என்னை வளர்த்தவள் அவள். அவளுக்காக இறங்காதவன் ஒரு வண்டி கான்கிரீட்டுக்காக இறங்கியிருக்கிறேன். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது.

அக்கா திட்டவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

"அந்த ஃபோர்மேன்தான் எனக்கு ஃபோன் பண்ணினாரு," என்றாள். "உங்க தம்பி மேல போய் நின்னுட்டான்மா, இப்பத்தான் எறக்கினோம்னாரு. நான் மொதல்ல என்ன கேட்டேன் தெரியுமா? எத்தன பேரு பாத்தாங்கன்னு கேட்டேன். உனக்கு அடி கிடி பட்டுச்சான்னு கேக்கல. பக்கத்துல யாரு இருக்கான்னு கேக்கல. யாரெல்லாம் பாத்தாங்கன்னுதான்டா கேட்டேன்."

அவள் தோள் குலுங்கத் தொடங்கியது. வராந்தாவில் காத்திருந்தவர்களுக்குக் கேட்கிற அளவுக்கு அழுதாள், குரலை அடக்க முயலவில்லை. சின்ன வயதுக்குப் பிறகு நாங்கள் ஒருவரை ஒருவர் தொட்டுப் பேசியதில்லை. அவள் கையைப் பிடிக்க எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடேயே பிடித்தேன்.