புதன்கிழமை மாத்திரை

முருகலட்சுமிக்குச் சரவாங்கி வந்து மூன்று வருடமாகிறது. முதலில் விரல் கணுக்கள், பிறகு மணிக்கட்டு, பிறகு முட்டி என்று ஒவ்வொன்றாக வீங்கின. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே தடம் மாறி மூட்டுகளைத் தாக்குகிறது, முழுதாகக் குணமாகாது, ஆனால் அடக்கி வைக்கலாம் என்று மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொன்னார். அப்போது அவளுக்கு இருபத்தெட்டு வயது. கல்யாணமாகி ஒரு வருடம்.

உத்தரகோசமங்கைக்குப் பக்கத்து ஊரிலிருந்து மதுரைக்கு அடிக்கடி பஸ்ஸில் போய்வர அவளால் முடியவில்லை. அதனால் ஆஸ்பத்திரி நடத்தும் ஆன்லைன் குழுவில் அவளைச் சேர்த்துவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு வீடியோ கூட்டம். பத்துப் பேர், எல்லாரும் இதே நோய்க்காரர்கள். நோயோடு எப்படிச் சமாளிப்பது, வலிக்கிற கையால் எப்படிக் கதவு திறப்பது, குடம் தூக்காமல் தண்ணீர் எடுப்பது எப்படி என்று பேசுவார்கள். அதோடு தினமும் காலையில் போனில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். பத்துக்கு வலி எத்தனை, விறைப்பு எவ்வளவு நேரம் இருந்தது, மாத்திரை போட்டாயிற்றா.

போனில் சின்ன எழுத்துகளைத் தொட அவள் விரல் மடங்காது. அவள் சொல்லச் சொல்ல அவள் புருஷன் தவசிதான் தட்டுவான். கூட்டத்தின்போதும் அவன்தான் பக்கத்தில் உட்கார்ந்து போனைப் பிடித்துக்கொள்வான். மிளகாய்க் காட்டில் எவ்வளவு வேலை கிடந்தாலும் நாலு மணிக்கு வந்துவிடுவான். இப்படி ஒரு மனுசன் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், தவசி காட்டில் இருந்த நேரம், குழுவை நடத்தும் நர்ஸ் ஜெயசுதா கூப்பிட்டாள்.

"முருகலட்சுமி, செவ்வாய்க்கிழமை கூட்டத்துல டம்ளரை ரெண்டு உள்ளங்கையிலயும் இடுக்கித் தண்ணி குடிச்சீங்க. பார்த்தேன். ஆனா படிவத்துல வலி ரெண்டுன்னு வந்திருக்கே?"

முருகலட்சுமிக்குச் சுருக்கென்றது. தண்ணீர் குடிப்பதைக் கூடவா பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்? "எனக்குத் தெரியல மேடம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

தவசி வந்ததும் கேட்டாள். "நான் ஏழுன்னுதான சொன்னேன்?"

"நீ ஏழுன்னா ஏழுதேன் போடுறேன். அவுக கம்ப்யூட்டர்ல மாறியிருக்கும்." துண்டால் கழுத்தைத் துடைத்தவன் கொஞ்சம் நிறுத்திச் சொன்னான். "லெச்சுமி, சூதானமா இரு. நீ எப்பத் தூங்குன, எப்ப எந்திரிச்சன்னு இம்புட்டுக் கேக்குறாகளே, சும்மாவா கேப்பாக? நம்ம நோவ எந்தக் கம்பெனிக்குச் சொல்லுறாகளோ."

அதில் நியாயம் இருப்பதாகத்தான் அவளுக்குப் பட்டது. இலவசமாக ஒருத்தி எதற்கு இவ்வளவு அக்கறைப்பட வேண்டும்? அன்றிலிருந்து கூட்டத்தில் அதிகம் பேசமாட்டாள். கூட்டம் முடிந்ததும் போனைக் குப்புறக் கவிழ்த்து வைப்பாள். ஆனால் வீக்கம் மட்டும் கூடிக்கொண்டே வந்தது. காலையில் விறைப்பு விட அரை மணி ஆனது போய் இரண்டு மணி நேரமானது. தலைவாரக் கை எட்டவில்லை.

ஐந்தாவது கூட்டத்தில் ஜெயசுதா எல்லாரையும் அவரவர் மாத்திரையைக் கையில் எடுத்துக் காட்டச் சொன்னாள். எது எதற்கு என்று தெரிந்து சாப்பிட வேண்டும் என்றாள். முருகலட்சுமிக்கு முக்கியமானது வாரத்துக்கு ஒரே நாள், புதன்கிழமை போடும் மாத்திரை. ஆறு போட வேண்டும். மறுநாள், அதன் பக்கவிளைவு தெரியாமலிருக்க ஒரு விட்டமின். இரண்டுமே மஞ்சள் நிறம். அட்டையிலிருந்து பிதுக்க அவள் விரலுக்குத் தெம்பு கிடையாது. ஞாயிற்றுக்கிழமைதோறும் தவசி பிதுக்கி, ஏழு அறை உள்ள பிளாஸ்டிக் டப்பாவில் கிழமைவாரியாகப் போட்டுவைப்பான்.

அவள் புதன் அறையிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினாள். கீழக்கரையிலிருந்து பேசும் சஃபா என்ற பெண், அதே மாத்திரை சாப்பிடுகிறவள், சட்டென்று குறுக்கிட்டாள்.

"அக்கா, அது என்னோட வியாழக்கிழமை மாத்திரை மாதிரில்ல இருக்கு?"

"கேமராகிட்டக் கொண்டு வாங்க, பார்க்கலாம்" என்றாள் ஜெயசுதா.

திரை அணைந்தது.

"சிக்னல் போச்சு" என்றான் தவசி. அதற்குப் பிறகு அன்று இணைப்பு வரவே இல்லை.

சாயங்காலம் அவன் டீக்கடைக்குப் போயிருந்தபோது சஃபா கூப்பிட்டாள். "தப்பா நினைக்காதீங்க அக்கா. கம்பெனிக்குக் கம்பெனி மாத்திரை மாறும்தான். ஆனா புதன் மாத்திரையும் வியாழன் மாத்திரையும் ஒண்ணுபோல இருக்கக் கூடாதுல்ல? ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. என்னோடதப் படம் அனுப்புறேன்."

இவளுக்கு இதில் என்ன ஆதாயம் என்றுதான் முருகலட்சுமி முதலில் யோசித்தாள். பிறகு டப்பாவைத் திறந்து, புதன் அறையில் ஆறு, வியாழன் அறையில் ஒன்று என்று ஏழு மாத்திரையையும் தட்டில் கொட்டினாள். ஏழும் ஒரே அளவு. ஏழிலும் நடுவில் ஒரே மாதிரிக் கோடு.

மறுநாள் புதன்கிழமை. மாத்திரையைப் போடவில்லை. நெஞ்சு சரியில்லாத சித்தியைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு, டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறினாள். மருந்துக்கடை பால்சாமி மாத்திரைகளைக் காகிதத்தில் உருட்டிப் பார்த்தார்.

"இது அம்புட்டும் விட்டமின்மா. வியாழக்கிழமைக்கு உள்ளது."

"நீங்க மாத்திக் குடுத்துட்டீகளா?"

பால்சாமிக்கு முகம் கறுத்தது. கம்ப்யூட்டரைத் திருப்பி அவளுக்குக் காட்டினார். "மாசா மாசம் புதன் மாத்திரை சரியாப் போயிருக்கு. மூணு மாசமா விட்டமின் அட்டை மட்டும் கூடுதலா வாங்கியிருக்கீக. உங்க வீட்டு ஆளுகதேன் கேட்டு வாங்கியிருக்காக."

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் தலைசாய்த்து யோசித்தாள். வீட்டில் அவளைத் தவிர இரண்டே பேர். தவசி, அவன் தாய் சோணையம்மாள். கடைக்குப் போய் மருந்து வாங்கி வருவது தவசி. ஆனால் அவளுடைய மனசு அந்தப் பக்கம் போகவே மறுத்தது. டப்பா இருப்பது அடுப்படி அலமாரியில். மாமியார் அதைத் திறந்து பார்த்ததை இரண்டு தடவை கண்டிருக்கிறாள். 'அந்த மாத்திர வயித்தச் சுட்டுரும்' என்று கிழவி முணுமுணுத்ததும் உண்டு. பேரப்பிள்ளை வேண்டி திங்கள்தோறும் கோயிலில் விளக்குப் போடுகிறவள். ஏதாவது காரணம் சொல்லி மகனிடம் விட்டமின் வாங்கிவரச் சொல்லியிருப்பாள். அப்படித்தான் இருக்கும். ஊர் வருவதற்குள் அவளுக்கு அது முடிவாகிவிட்டது.

சோணையம்மாள் முற்றத்தில் சாக்கு விரித்து மிளகாய் வத்தலைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். தவசி அப்போதுதான் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தான்.

"அத்தை, என் மாத்திரைய எதுக்கு மாத்துனீக?"

"எந்த மாத்திர?"

"தெரியாத மாதிரிக் கேக்காதீக. டப்பாவ நீங்கதான தொறந்து பாக்குறீக?"

சோணையம்மாள் கையிலிருந்த வத்தலைக் கீழே போட்டாள். "தொறந்தது நெசந்தேன். நோவுல கெடக்குற புள்ள மறந்துருமோன்னு, தின்னுட்டியா இல்லையான்னு பாப்பேன். எழுத்தே தெரியாதவ நான், எது என்ன மாத்திரன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஏலே தவசி, நீ சொல்லுடா."

தவசி வண்டிச் சாவியைத் திருகிக்கொண்டே நின்றான்.

"விடு ஆத்தா. தெரியாமப் பண்ணியிருப்ப."

சோணையம்மாள் மகனை வெகுநேரம் பார்த்தாள். எழுந்து உள்ளே போய் இரண்டு சேலையை மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு, நயினார்கோவிலில் இருக்கும் மகள் வீட்டுக்கு ஐந்து மணி பஸ்ஸில் கிளம்பிப் போய்விட்டாள். முருகலட்சுமி தடுக்கவில்லை. போகட்டும் என்றுதான் இருந்தது.

ஜெயசுதாவிடம் இதை எப்படிச் சொல்வது? வீட்டுச் சங்கதி வெளியே போகக் கூடாது என்றான் தவசி. அவளுக்கும் அது சரியென்று பட்டது.

ஞாயிற்றுக்கிழமை தவசி அவள் கண்முன்னாலேயே புது அட்டையைப் பிதுக்கினான். சஃபா அனுப்பிய படத்தை வைத்து அவள் ஒப்பிட்டுப் பார்த்தாள். கோடு இல்லாத சின்ன மாத்திரைகள், ஆறு. எல்லாம் சரி. பல நாளைக்குப் பிறகு நிம்மதியாகச் சாப்பிட்டாள். செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் ஜெயசுதா மாத்திரைப் பேச்சை எடுத்ததும், இப்போது எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லி முடித்துவிட்டாள்.

புதன்கிழமை காலை இட்லி சாப்பிட்டுவிட்டு டப்பாவைத் திறந்தாள்.

ஆறிலும் நடுவில் கோடு இருந்தது.

முருகலட்சுமி தட்டின் முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தாள். மாமியார் போய் ஏழு நாளாகிவிட்டது. வீட்டுக்கு வேறு யாரும் வரவில்லை. பிறகு போனை எடுத்துத் தரையில் வைத்து, விரல் மடங்காததால் கட்டைவிரல் கணுவால் மெல்லத் தள்ளித் தள்ளி, அந்தப் படிவத்தின் பழைய பதிவுகளைப் பார்த்தாள். அவள் ஏழென்றும் எட்டென்றும் சொன்ன நாள்களிலெல்லாம் இரண்டு, மூன்று, இரண்டு என்று இருந்தது. கம்ப்யூட்டர் ஒன்றும் மாற்றவில்லை.

தவசி குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். அவள் டப்பாவைக் கொண்டுபோய்த் துவைக்கும் கல்லில் வைத்தாள்.

"அத்தை நயினார்கோவில்ல இருக்காக. இத யாரு மாத்துனது?"

அவன் ஈர முகத்தோடு நின்றான். மறுக்க வாயெடுத்து, விட்டுவிட்டான்.

"அசல் மாத்திரையெல்லாம் எங்க?"

"மோட்டார் ரூம்ல. தகர டின்னுல."

"ஏன்?"

"அந்த மாத்திர சாப்புடுற வரைக்கும் புள்ள உண்டாகக் கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாகல்ல. ரெண்டு வருசம் பொறுத்தாச்சு லெச்சுமி. நோவு கொறஞ்சுருச்சுன்னு காட்டுனா அவுகளே நிறுத்திருவாகன்னு நெனச்சேன். அதுக்குள்ள ஒடம்புல இருக்குற மருந்தும் போயிரும்னு..."

"என் கை?"

"கை பெறகு சரியாயிரும்னு நெனச்சேன்."

"ஆகாது. கோணுனது கோணுனதுதேன். மூணு வாரமா அந்தக் கூட்டத்துல அதத்தான சொன்னாக? நீங்களும் பக்கத்துலதேன உக்காந்து கேட்டீக?"

தவசி குழாயைத் திருகி மூடினான்.

"என்னைய விடுங்க. ஒங்க ஆத்தாவ எங்கிட்டக் காட்டிக் குடுத்துட்டுப் பாத்துக்கிட்டு நின்னீகளே, அது எப்படி முடிஞ்சுச்சு?"

"அந்த நேரத்துல வாய் வரல" என்றான். சொல்லிவிட்டு அழுதான். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். இந்த அழுகையை எந்த அளவுக்கு நம்பலாம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

அன்று அவள்தான் ஜெயசுதாவைக் கூப்பிட்டாள். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். ஜெயசுதா யாரையும் திட்டவில்லை. விட்டுப்போன மாத்திரையைச் சேர்த்துப் போட்டுவிட வேண்டாம், டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை எதுவும் செய்ய வேண்டாம், வெள்ளிக்கிழமை கட்டாயம் வந்துவிடுங்கள் என்றாள். "அன்னைக்கு நான் கூப்பிட்டப்ப என்னைத்தான் சந்தேகப்பட்டீங்க, இல்ல?" என்று கேட்டாள்.

"ஆமா மேடம்."

"தெரிஞ்சுச்சு. ஆனா விடவும் மனசு வரல."

வெள்ளிக்கிழமை எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது கை மோதிர விரல் கணுவில் எலும்பு அரித்திருந்தது. அது திரும்ப வளராது, மற்ற விரல்களைக் காப்பாற்றிவிடலாம் என்றார் டாக்டரம்மா. பிறகு தவசியைப் பார்த்தார். "குழந்தை வேணும்னா அதுக்கு வழி இருக்கு. முதல்ல நோய் அடங்கணும். பிறகு இந்த மருந்தை நாங்களே நிறுத்தி, கர்ப்பத்துக்கு ஆபத்தில்லாத வேற மருந்துக்கு மாத்துவோம். நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்." தவசி தலையாட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை முருகலட்சுமி தனியாக நயினார்கோவிலுக்குப் போனாள். தவசி வண்டியில் கொண்டுவிடுவதாகச் சொன்னான். வேண்டாமென்றுவிட்டாள். நாத்தனார் வீட்டு வாசலில் சோணையம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மருமகளைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டாள்.

"அத்தை, நீங்க இல்ல. அவுகதேன்."

"தெரியும்த்தா."

"எப்பத் தெரியும்?"

"'விடு ஆத்தா'ன்னு சொன்னான் பாரு, அப்பவே. சின்னதுலருந்து அவன் பொய் சொன்னா கண்ணப் பாக்க மாட்டான்."

"பெறகு ஏன் சொல்லல?"

சோணையம்மாள் கீரைத் தண்டை ஒடித்துப் போட்டாள். "எம்மவன எப்படிச் சொல்லுவேன்? நான் இல்லேன்னா நீயே கண்டுபிடிச்சுருவன்னு நெனச்சேன். அதேன் கெளம்பி வந்தேன்." "பேரப்புள்ள வேணும்னு கேட்டது நான்தேன். இப்படி வேணும்னு கேக்கல" என்றாள்.

முருகலட்சுமி அவள் பக்கத்தில் மெல்லக் காலை நீட்டி உட்கார்ந்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று வழியெல்லாம் நினைத்து வந்திருந்தாள். ஆனால் வாயில் வந்தது, "வீட்டுக்கு வாங்க அத்தை" என்பதுதான். கிழவி கீரையை மகளிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்ப் பையை எடுத்துவந்தாள்.

மூன்றரை மணி பஸ்ஸில் கூட்டமில்லை. இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். பாதி வழியில் சோணையம்மாள் கேட்டாள்.

"இனி அவன நம்புவியா?"

முருகலட்சுமி மடியில் கிடந்த தன் வலது கையைப் பார்த்தாள்.

"தெரியல அத்தை. இப்போதைக்கு இல்ல."

"நானும்தேன்" என்றாள் சோணையம்மாள். வீங்கியிருந்த அந்தக் கையை, எங்கே பிடித்தால் வலிக்காது என்று தெரியாமல், கொஞ்சம் தயங்கி, முழங்கைக்கு மேலாகப் பிடித்துக்கொண்டாள்.